முனியாண்டிக்கு வைத்த வெர்மூத்

கிள்ளானில் புடவைக் கடைகளின் வரிசை முடிகிற இடத்தில் ஒரு சீன மருந்துக் கடை இருக்கிறது. போன வாரம் அதன் வாசலில் மழைக்கு ஒதுங்கினேன். உள்ளே ஒருவர் காய்ந்த ஆரஞ்சுத் தோலை மரப்பலகையில் வைத்து நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தட்டில் கிராம்பு. அதற்கும் பின்னால் பெயர் தெரியாத ஏதோ ஒரு பட்டை, ஈரக்காற்றில் தன் கசப்பை மெல்ல அவிழ்த்துக்கொண்டிருந்தது.

தோல், கிராம்பு, கசப்பு. மூன்றும் சேர்ந்து வந்தபோது நான் கிள்ளானில் இல்லை. பிரிக்பீல்ட்ஸில், ஒரு கடைவீட்டின் மாடியில், பிற்பகல் நான்கு மணி வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். என் முன்னால் இரண்டு கண்ணாடி டம்ளர்கள்.

இரண்டு டம்ளர்

இரண்டிலும் ஒரே நிறம். தேய்த்து நாளான செம்புக் குடத்தின் நிறம். இரண்டிலும் இரண்டு விரல் அளவுக்கு இத்தாலிய இனிப்பு மதுவான வெர்மூத். ஐஸ் இல்லை, சோடா இல்லை. ஒரு டம்ளரின் அடியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். அந்தப் புள்ளி எதற்கு என்பது எனக்கு மட்டும் தெரியும்.

மேசைக்கு அந்தப் பக்கம் செல்வி அக்கா, அந்த மதுக்கூடத்தின் முதலாளி. இந்தப் பக்கம் ஜெரால்டு, அவரிடம் வேலை பெர்மிட்டில் இருந்த தூத்துக்குடிக்காரர். காக்டெயில் கலப்பது அவர் வேலை. பெர்மிட்டைப் புதுப்பிக்கும் தாள் அக்காவின் இழுப்பறையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. மாதம் முடிவதற்குள் கையெழுத்து விழ வேண்டும். விழாவிட்டால் ஜெரால்டு ஊருக்குத் திரும்ப வேண்டும். அங்கே அவருடைய மகள் நர்ஸிங் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள்.

அவரைக் காப்பாற்றத்தான் அந்த இரண்டு டம்ளரையும் நான் வைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மாடிக்கு வந்த வழி

நான் ஓரிடத்தில் நிலைத்தவனில்லை. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் அட்டைப்பெட்டிகளுக்கு எண் ஒட்டினேன். டெங்கிலில் ஒரு லோரிக் கொட்டகையில் வருகிற வண்டி, போகிற வண்டி எழுதினேன். எங்கே போனாலும் மூன்றாம் மாதம் கால் அரிக்கும். நாற்பத்தேழு வயதில் கால் அரித்தபோது செல்வி அக்காவின் மாடியில் சரக்கறைச் சாவி கிடைத்தது.

அக்கா கிள்ளான்காரர். முதலில் பீரும் ஸ்டவுட்டும் பிராந்தியும் மட்டும் ஊற்றிய கடை அது. மோனோரெயிலில் வந்து இறங்குகிற இளசுகள் கைப்பேசியில் படம் காட்டி நெக்ரோனி காக்டெயில் கேட்க ஆரம்பித்ததும், அக்கா சுவரைக் கருப்படித்தார். மஞ்சள் விளக்கு மாட்டினார். சொகுசுக் கப்பலின் மதுக்கூடத்தில் வேலை பார்த்த ஜெரால்டை வரவழைத்தார்.

என்னிடம் பானங்களின் பட்டியலைத் தமிழிலும் எழுதச் சொன்னார். நெக்ரோனிக்கு மட்டும் பதினாறு வரி எழுதிக் கொடுத்தேன். அந்தி, துரு, ஒரு பெண்ணின் கோபம் எல்லாம் அதில் இருந்தன.

"கவிஞரே, குடிக்க வர்றவன் மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டு வர மாட்டான் லா. ஜின்னு, வெர்மூத்து, சிவப்புக் கசப்பு. மூணு வார்த்தை. முடிஞ்சுது" என்றார்.

உண்மையில் அது நல்ல கவிதை. அவருடையதைச் சொல்கிறேன்.

கசப்பின் சொந்தங்கள்

வெர்மூத் என்பது திராட்சை மது. அதில் கொஞ்சம் சாராயம் சேர்த்து, மூலிகையும் பட்டையும் தோலும் ஊறவைத்து, சர்க்கரை போட்டு இனிப்பாக்குவார்கள். கசப்புக்கு ஊறவைக்கிற முக்கியமான செடி ஒன்று உண்டு. அது நம் மரிக்கொழுந்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் கதம்பத்தின் நடுவே சாம்பல் பச்சையில் இருக்குமே, அந்தக் குடும்பம். இதை ஜெரால்டு சொன்ன நாளிலிருந்து, பூக்கடையைத் தாண்டும்போதெல்லாம் இத்தாலியில் யாரோ பூக்கட்டுவதாக எனக்குத் தோன்றும்.

தனியாகக் குடிக்க அதைக் கேட்கிறவர் குறைவு. அதன் வேலை கல்யாணத் தரகர் வேலை. நெக்ரோனியில் ஜின்னுக்கும் சிவப்புக் கசப்பு மதுவுக்கும் நடுவில் சம அளவாக உட்கார்ந்து இரண்டு பேரையும் பேசவைக்கும். மன்ஹாட்டனில் விஸ்கி இரண்டு பங்கு, இது ஒரு பங்கு. விஸ்கியின் முரட்டுக் கையைப் பிடித்து உட்காரவைக்கும். நெக்ரோனியில் ஜின் போய்விட்டு சோடா வந்தால் அமெரிக்கானோ. வெயில் இருக்கும்போதே குடிக்கத் தோதானது.

ஜெரால்டு மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். அளவுக்கிண்ணம் விளிம்பு தளும்பாமல் நிறையும். நீண்ட கரண்டி ஐஸைச் சுற்றி முப்பது முறை போகும், முப்பத்தொன்று கிடையாது.

"இது சாராயம் மாதிரி இல்லண்ணே. மூடி தொறந்துட்டா பாலு மாதிரி நெனச்சுக்கோங்க. ஃப்ரிட்ஜில வச்சாத்தான் நிக்கும். விஸ்கிக்கு வயசாகாது. இதுக்கு ஆகும்" என்று ஒருமுறை சொன்னார்.

கேட்டேன். தலையாட்டினேன். என் காது எதையும் வாங்கும்; கைக்கு அனுப்பாது.

வெள்ளிக்கிழமை

சரக்கறையில் ஒரு முனியாண்டி இருந்தார். கிழக்குச் சுவரில் படம், கீழே பலகை, ஒரு எண்ணெய் விளக்கு, ஒரு சுருட்டு. பழைய கடையாக இருந்த காலத்திலிருந்தே அக்காவுக்கு ஒரு முறை உண்டு. புதிதாக வந்த சரக்கு முதலில் சாமி முன்னால் ஏறும். மூடியைக் கழற்றிவிட வேண்டும். மூடி போட்டு வைத்தால் சாமி எப்படிக் குடிப்பார்? ஒரு வெள்ளியிலிருந்து அடுத்த வெள்ளி வரை அங்கேயே இருக்கும். பிறகு இறக்கி, மூடி போட்டு, கடைக்கு அனுப்பி, அடுத்ததை ஏற்ற வேண்டும். பிராந்திக்கும் விஸ்கிக்கும் வருஷக்கணக்கில் இப்படித்தான் நடந்தது. யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

வெர்மூத் அந்த வரிசையில் இல்லை. அதை ஜெரால்டு நேராக வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்வார். நெக்ரோனி அதிகம் ஓட ஆரம்பித்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அக்கா விபூதி பூசிக்கொண்டே சொன்னார்:

"கடைய இப்ப இந்த வெர்மூத்துதானே தாங்குது. அதுவும் சாமிகிட்ட போயிட்டு வரட்டும்."

"ஒரு புட்டி வைக்கவா அக்கா?"

"வாரத்துக்கு என்னா வேணுமோ அவ்ளோவும் வை. சாமி என்னா, சாம்பிள் பாக்க வந்த ஆளா?"

வாரத்துக்கு நான்கு புட்டி. நான்கையும் வைத்தேன். மூடிகளை ஒரு கிண்ணத்தில் போட்டேன். சரக்கறையில் ஏர்கான் கிடையாது. ஒரு அடி தூரத்தில் விளக்கு எரிந்தது.

ஜெரால்டு அந்த அறைக்குள் வருவதில்லை. அவர் மாதா பக்தர். உங்கள் சாமி இருக்கிற இடத்தில் நான் செருப்புக் காலோடு நிற்கக்கூடாது என்று வாசலிலேயே கையை நீட்டி வாங்கிக்கொள்வார். முதல் வாரம் கேட்டார்:

"என்னண்ணே, முத்திரை உடைஞ்சிருக்கு?"

"சாமி பார்த்தது" என்றேன்.

ஒரு மூடி ஊற்றிப் படைத்திருப்பார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். புட்டி கைக்கு வந்த தேதியை ஒட்டி, குளிர்பெட்டியில் வைத்தார். ஒரு வாரம் வாய் திறந்து நின்றது என்று நான் சொல்லவில்லை. மறைக்கவில்லை, சொல்லத் தோன்றவில்லை.

நனைந்த அட்டைப்பெட்டி

முதலில் குறை சொன்னவர் தங்கராஜு அங்கிள். கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கொமுட்டர் ரயிலில் வந்து, ஐந்தரைக்கு ஒரே ஒரு மன்ஹாட்டன் குடித்துவிட்டு, ஏழு மணி ரயிலுக்குப் போய்விடுவார்.

அன்று ஒரு வாய் குடித்தார். டம்ளரை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

"ஜெரால்டு, நான் கப்பல்காரங்களோட முப்பது வருஷம் குடிச்சவன். இது மன்ஹாட்டன் இல்ல லா."

"அப்புறம் என்ன அங்கிள் இது?"

"மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி. அதக் கரைச்சு, மேல செரிப்பழம் வச்சிருக்க."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜெரால்டும் சிரித்துக்கொண்டே வேறொன்று செய்து கொடுத்தார். அதையும் பாதியில் வைத்துவிட்டு அங்கிள் எழுந்து போனார்.

அடுத்தடுத்த வாரங்களில் நெக்ரோனிகளும் திரும்ப ஆரம்பித்தன. சப்பென்று இருக்கிறது, புளிக்கிறது என்றார்கள். அக்காவின் கணக்கு எளிமையானது. சரக்கு அதே சரக்கு, கைதான் மாறியிருக்கிறது.

"குடிச்சிட்டுத் தண்ணி ஊத்துறான் கவிஞரே. கப்பல்ல இருந்தவன்தானே? இவனுக்குக் கையெழுத்துப் போட்டு இன்னும் ஒரு வருஷம் வச்சுக்கணுமா? நீயே சொல்லு" என்றார்.

ஜெரால்டு குடிப்பதில்லை. கப்பலை விட்ட அன்றே விட்டது. அதைச் சொன்னேன். "எல்லாத் திருடனும் சொல்றதுதான்" என்றார் அக்கா.

கருகிய நெத்திலி

எனக்கு அந்த நாட்களில் வேறொரு காரணம் தெரிந்திருந்தது. அதனால்தான் உண்மையான காரணத்தைத் தேடவில்லை.

நானும் ஜெரால்டும் ஒரே அடுக்குமாடி வீட்டில் ஆளுக்கொரு அறையில் இருந்தோம். ஒரு நாள் மதியம் நான் குளித்துக்கொண்டிருந்தபோது வீடு முழுக்கப் புகை நாற்றம். ஈரத்தோடு ஓடி வந்தால், அடுப்பில் நெத்திலி கரியாகிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து மூன்றடி தள்ளி, அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜெரால்டு சட்டைக்கு இஸ்திரி போடுகிறார். காலர் ஓரத்தை அவ்வளவு பொறுமையாக.

அடுப்பை அணைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். வாணலியைப் பார்த்தார்.

"காய்ச்சல்ல போச்சுண்ணே" என்றார். "ஊரே முகமூடி போட்டுக்கிட்டுத் திரிஞ்சோமே, அப்போ. எல்லாருக்கும் திரும்ப வந்துச்சு. எனக்கு வரல."

"வாசனை ஒண்ணுமே தெரியாதா?"

"நாக்குல இனிப்பு, புளிப்பு, கசப்பு தெரியும். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

"எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"அளவு. கை ஞாபகம். கை மறக்காதுண்ணே." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ஜன்னலுக்குக் கீழே, நடைபாதையின் மஞ்சள் கோட்டில் ஒருவர் வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் பார்வையில்லாதவர்கள் நடத்துகிற மசாஜ் கடைகள் நிறைய. "அவங்க கண்ணில்லாம பண்றாங்க, ஊரே போய்ப் படுக்குது. நான் மூக்கில்லாம ஊத்தினா மட்டும் குத்தமா?"

கரிந்த வாணலியைத் தொட்டியில் வைத்தேன். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பானங்கள் திரும்பி வர ஆரம்பித்ததும், மூக்குதான் காரணம் என்று நான் முடிவு செய்தேன். அவரும் அப்படியே முடிவு செய்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. வீட்டில் தண்ணீரை வைத்துக்கொண்டு அளவுக்கிண்ணத்தை ஊற்றி ஊற்றிப் பார்ப்பார். முப்பது முறை கிண்டிவிட்டு, கையை விரித்துப் பார்த்துக்கொள்வார்.

ஈக்கள்

மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போது வந்த வெள்ளிக்கிழமை, புட்டிகளை இறக்கப் போனேன். பலகையில் நான்கு வெர்மூத்தும், பக்கத்தில் ஒரு பிராந்தியும் நின்றன. வெர்மூத் புட்டிகளின் வாயில் பழ ஈக்கள். அழுகின வாழைப்பழத்தைச் சுற்றுமே, அந்தப் பொடி ஈக்கள். பிராந்தியின் வாயில் ஒன்றுகூட இல்லை.

வயிற்றுப் புண்ணால் அந்த வருஷம் எனக்கு ஒரு துளிகூட ஆகாது. இருந்தாலும் விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். ஆறிப்போன தேத்தண்ணியில் காடி விட்டதுபோல இருந்தது. புதுப் பெட்டியைப் பிரித்து, முத்திரையை உடைத்து, அதையும் தொட்டு வைத்தேன். அங்கே ஆரஞ்சுத் தோல் இருந்தது. கிராம்பு இருந்தது. பூக்கடை இருந்தது.

பால் மாதிரி என்று அவர் சொன்னது அப்போதுதான் கைக்கு வந்து சேர்ந்தது.

அவர் கையில் குற்றமில்லை. மூக்கிலும் இல்லை. என் கையில் இருந்தது. எனக்கு வெட்கத்தைவிட சந்தோஷமே அதிகமாக வந்தது. ஜெரால்டு வேலைக்கு வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவருக்கு போன் செய்யவில்லை. வந்ததும் ஆச்சரியப்படட்டும் என்று நினைத்தேன். நேராக அக்காவிடம் போனேன்.

மீண்டும் டம்ளர்கள்

அப்படித்தான் நான்கு மணி வெயிலில் அந்த இரண்டு டம்ளரும் வந்தன. புள்ளி வைத்தது, சாமியிடம் இருந்து இறங்கியது. ஜெரால்டு படியேறி வந்து, பையைக்கூட இறக்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா முதல் டம்ளரை முகர்ந்தார். இரண்டாவதை முகர்ந்தார். மறுபடி முதலாவது. முகம் சுருங்கியது.

"இது செத்துப்போச்சு லா. எது இது?"

சொன்னேன். வெள்ளி முதல் வெள்ளி வரை, மூடியில்லாமல், விளக்குப் பக்கத்தில். அது திராட்சை மது, சாராயமில்லை, திறந்தால் கெடும் என்பதையும் சொன்னேன். அக்கா சரக்கறைப் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமி பேர்ல நம்மளே கெடுத்து, நம்மளே இவனத் திட்டியிருக்கோம். தம்பி, தண்ணி ஊத்துறேன்னு உன்னச் சொன்னேன். தப்பு என்னோடது" என்றார்.

ஜெரால்டு பையை இறக்கினார். கண் கலங்கியிருந்தது. அத்தோடு முடிந்திருக்க வேண்டும். அக்கா சிரித்துக்கொண்டே டம்ளர்களை மாற்றி மாற்றி நகர்த்தி, அவர் பக்கம் தள்ளினார்.

"இந்தா, நீயும் மோந்து பாரு. என்னா நாத்தம்னு பாரேன்! எது சாமியோடது, சொல்லு."

விளையாட்டாகத்தான் கேட்டார். ஜெரால்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது. ஏதாவது சொல்லித் தடுத்திருக்கலாம்.  நெக்ரோனிக்குப் பதினாறு வரி எழுதியவன் நான்.

அவர் இரண்டையும் முகர்ந்தார். மெதுவாக, முறையாக, கப்பலில் பழகின மாதிரி. ஒன்றைக் கையில் எடுத்தார்.

"இதுதான் புதுசு, அக்கா."

டம்ளரைத் தூக்கியபோது அடியில் இருந்த புள்ளி எனக்குத் தெரிந்தது. அக்காவுக்குப் புள்ளி தேவைப்படவில்லை.

மோனோரெயில் ஒன்று கடந்து போனது. ஜன்னல் கண்ணாடி கொஞ்சம் அதிர்ந்தது.

"எத்தன நாளா?" என்றார் அக்கா.

"இங்க வர்றதுக்கு முன்னாடியிருந்து."

"அப்ப எங்கிட்ட ஒரு நாள்கூட மூக்கோட ஊத்தல."

"ஒரு கிளாஸ்லகூட அளவு தப்பல, அக்கா. கீழ கண்ணு தெரியாதவங்க மசாஜ் பண்றாங்க. யாராச்சும் வேணாங்கிறாங்களா?"

"அவங்க கண்ணு தெரியலன்னு வாசல்ல போர்டு போட்டிருக்காங்க தம்பி. தெரிஞ்சுதான் போய்ப் படுக்குறான். நீ போட்டியா?"

ஜெரால்டு டம்ளரை மேசையில் வைத்தார்.

"அளவு தப்பல. ஒத்துக்கறேன்" என்று அக்கா தொடர்ந்தார். குரலில் கோபமே இல்லை. "ஆனா மூக்கு இருந்திருந்தா, முதல் வாரமே இந்தப் புட்டியத் தூக்கிட்டு வந்து என் முகத்துக்கு நேரா நீட்டியிருப்ப. அந்த ஒரு வேலைக்குத்தானே லா உன்ன வச்சிருக்கேன்? அளவு ஊத்த மெஷின் இருக்கு."

நான் குறுக்கே பேசினேன். புட்டியைத் திறந்து வைத்தவன் நான், ஃப்ரிட்ஜ் விஷயம் கேட்டும் மறந்தவன் நான், என்னை அனுப்புங்கள் என்றேன்.

"உன்ன அனுப்பி என்னா பண்றது கவிஞரே? நீதான் எப்பவோ போகப்போறவனாச்சே" என்றார்.

இழுப்பறை திறக்கப்படவே இல்லை.

அடுத்த வெள்ளியிலிருந்து முனியாண்டிக்கு ஒரு சின்ன கிளாஸில் ஸ்டவுட் மட்டும் வைத்தோம். புட்டிகள் நேரே குளிர்பெட்டிக்குப் போயின. தங்கராஜு அங்கிள் ஒரு மன்ஹாட்டனை முழுசாகக் குடித்துவிட்டு, "இப்பதான் லா சரி" என்றார். அதைக் கலந்ததும் ஜெரால்டுதான். அது அவருடைய கடைசி வாரம்.

செண்ட்ரலில்

ஒரு காலை நேரத்தில் போனோம். வீட்டிலிருந்து செண்ட்ரல் ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரம்தான். ஒரு பெட்டியை அவர் இழுத்தார், ஒன்றை நான் இழுத்தேன். அக்கா கடை வாசலுக்கு வந்து, "மூக்கு வந்துச்சுன்னா முதல் போன் எனக்குத்தான் பண்ணணும், தெரியுதா?" என்று சொல்லியிருந்தார். அவர் அதை மனதாரச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

விமான நிலைய ரயிலுக்கான தடுப்புக் கதவுக்கு முன்னால் ஜெரால்டு டிக்கெட்டைத் தேடினார். சட்டைப் பை, கால்சட்டைப் பை, பாஸ்போர்ட்டுக்குள். கிடைத்தது.

"நான் பேசாம இருந்திருக்கலாம்" என்றேன்.

"இருந்திருந்தா திருடன்னு அனுப்பியிருப்பாங்க. இப்ப மூக்கில்லாதவன்னு அனுப்புறாங்க. இது மேல்ணே."

சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். ஒலிபெருக்கியில் மலாயில் ஏதோ அறிவித்தார்கள். என் கையிலிருந்த பெட்டியை அவர் வாங்கிக்கொண்டார். கதவு திறந்தது, இரண்டு பெட்டியையும் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனவர் நின்று திரும்பினார்.

"அண்ணே, நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. அடுத்த தடவ யாரையாச்சும் காப்பாத்தணும்னு தோணுச்சுன்னா, முதல்ல அந்த ஆளுகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோங்க."